தேர்தல் முடிஞ்சு வந்த துப்பாக்கி

அந்தச் சேர் வேண்டாங்க தம்பி, ஒரு காலு ஆடும். இப்படிக் கட்டல்ல உக்காருங்க. பாவாயீ, சங்கத்துல இருந்து வந்திருக்காங்க, மோர் கொண்டா! என் ஊட்டுக்காரிக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க, மோர் வராது. மெதுவாவே பேசுவோம்.

விசயம் எனக்குத் தெரியுமுங்க. வெள்ளிக்கெழம கலெக்டர் ஆபீசுல விவசாயிக கூட்டம். காட்டோரத்துல பண்ணையம் பண்றவங்க எல்லாத்துக்கும் துப்பாக்கி லைசென்ஸ் குடுக்கோணும், காட்டுப்பன்னியச் சுட்டாக் கேஸ் போடக்கூடாது. அதானுங்களே? அதுக்கு மைக்கப் புடிக்க ஒரு ஆளு வேணும். இந்தச் சுத்துவட்டாரத்துல லைசென்ஸ் வெச்சிருக்கற ஒரே ஆளு இந்தச் சென்னியப்பன், வயசானவரு, வெள்ள வேட்டி, அவர முன்னால நிறுத்துனா கலெக்டரும் காது குடுத்துக் கேப்பாரு. நல்ல ரோசனைதானுங்க. நான் இல்லீங்கல.

ஆனா நான் வரலீங்க.

பாருங்க, உங்க மூஞ்சி மாறிப்போச்சு. வர்ற வழியில டீக்கடையில எதையோ கேட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க. குடிச்சுப்போட்டுச் சுட்டான், போலீசு வந்து புடுங்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லியிருப்பானுங்க. நான் என் சென்மத்துல குடிச்சதில்லீங்க. சொல்றவன் அத்தன பேரும் குடிகாரன். இன்னொண்ணும் சொல்றானுங்க, பேத்தி புடுங்கிட்டான்னு. அதச் சொல்லித்தான் சிரிக்கறானுங்க. நான் பஸ் ஸ்டாப்புல போயி நின்னாப் பேச்சு நின்னுபோகுது. கூச்சமா இருக்குதுங்க தம்பி. போன வருசம் வரைக்கும் எனக்கு எந்திரிச்சு எடம் குடுத்த பசங்க இப்ப செல்போன நோண்டிட்டுக் குனிஞ்சுக்கறானுங்க. அதுல எனக்குத் தூக்கமே வர்றதில்ல. எல்லாத்தையும் உட அந்தப் போன நோண்டறதுதான் எனக்குப் பெருசா இருக்குது.

நீங்க என்னயத் தப்பா நெனைக்கக் கூடாது. பன்னியப் பத்தி எனக்கு ஆரும் சொல்ல வேண்டியதில்லீங்க. ரெண்டு ஏக்கரா குச்சிக்கெழங்கு போட்டிருந்தேன். வேலியச் சுத்திச் சீல கட்டுனா வராதுன்னாங்க. கட்டுனேன். பாவாயி கல்யாணச் சீலையத் தவுர மத்ததெல்லாம் வேலியில தொங்குச்சு. சலூன்ல இருந்து முடிய மூட்ட கட்டிக் கொண்டாந்து வரப்புல தூவுனா மூக்குல ஏறி ஓடிப்போகும்னாங்க. தூவுனேன். அந்த முடிய மிதிச்சுட்டே வந்து கெழங்கத் தோண்டித் தின்னுட்டு, மிச்சத்த ஒழப்பிப்போட்டுப் போயிருச்சு. காத்தால போயிப் பாத்தா வெடிகுண்டு போட்ட மாதிரி கெடக்குது. வயிறு எரியாதுங்களா? உங்க சங்கம் கேக்கறது நூத்துக்கு நூறு ஞாயம். அத நான் எங்க வேண்ணாலும் சொல்லுவேன். மைக்குல மட்டும் சொல்ல மாட்டேன்.

துப்பாக்கி எங்கப்பா வாங்குனதுங்க. ஒத்தக்கொழலு. நடு ஊட்டுல, அந்தா அந்தச் சொவத்துல, ரெண்டு ஆணி அடிச்சு மாட்டியிருக்கும். எங்கப்பா காலத்துலயும் சரி, என் காலத்துலயும் சரி, அதுல ஒரு பன்னியும் செத்ததில்ல. அது வேற விசயம். மேல பாத்து ஒரு வேட்டு உட்டாப் போதும், ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. ஆனா ஊட்டுல துப்பாக்கி இருக்குதுன்னா அதுக்குன்னு ஒரு இது இருக்குதுங்க தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாய்க்காத் தகராறுன்னு துள்ளிக்கிட்டு வந்தான். இதே கட்டல்லதான் உக்காந்தான். பேசிட்டிருக்கும்போதே அவன் கண்ணு அந்தச் சொவத்துக்குப் போச்சு. அதோட பேச்சு முடிஞ்சுது. நான் அதத் தொடவே இல்ல, பாத்துக்கங்க. அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. அவனா எந்திரிச்சுப் போயிட்டான்.

ஊட்டுலயும் அப்படித்தான். பாவாயி இங்க வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அந்தச் சொவத்தத் தொடச்சதே இல்லீங்க. ஒட்டடை அடிச்சா அதச் சுத்தி உட்டுப்போட்டு அடிப்பா. நான் ஒரு வார்த்த சத்தமாச் சொன்னாப் போதும், மறுவார்த்த வராது. அத்தன மரியாதை.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைக்கோணும். ஓட்டெல்லாம் எண்ணி முடிஞ்சாத்தான் திருப்பிக் குடுப்பாங்க. நான் வெள்ளையுஞ் சொள்ளையுமா உடுத்தி, உறைக்குள்ள போட்டு, பஸ்சுலதான் கொண்டுபோவேன். கண்டக்டர் மொத சீட்டக் காலி பண்ணிக் குடுப்பான். ஸ்டேசன்ல ஏட்டு குமரவேலு டீ வாங்கித் தருவாரு. அது ஒரு பெரும. திருப்பி வாங்கிட்டு வர்ற அன்னைக்கு இன்னொரு வழக்கம் இருக்குது. வாசல்ல நின்னு மேல பாத்து ஒரே ஒரு வேட்டு. துப்பாக்கி ஊடு வந்து சேந்துருச்சுன்னு பன்னிக்கும் தெரியோணும், ஊருக்கும் தெரியோணும். எங்கப்பா பண்ணுனாரு, நானும் பண்றேன். சட்டப்படி செய்யக்கூடாதுதான். ஏட்டே போன்ல, "என்னுங்க, வேட்டு போட்டாச்சா?"ன்னு கேப்பாருன்னா பாத்துக்கங்க.

இந்தத் தடவ துப்பாக்கி ஸ்டேசன்ல இருந்த நேரத்துல ஊடு ஊடாவே இல்லீங்க. பாவாயி எனக்குப் பதில் பேச ஆரம்பிச்சுட்டா. "காப்பி சூடா இல்ல"ன்னா, "இன்னொருக்கா சுட வெச்சுக்கங்க"ங்கறா. மருமக சுகந்தி டிவிய ஊரே கேக்கற மாதிரி வெக்கறா. நடு ஊட்டுல உக்காந்து மாமியாளும் மருமகளும் சிரிக்கறாங்க, நான் வந்தாலும் நிறுத்தறதில்ல. பையன் தனபாலு எங்கிட்டக் கேக்காமயே போர் போட ஆள் பேசிட்டான். நான் நெனச்சுக்கிட்டேன், வரட்டும், தேர்தல் முடியட்டும்னு.

அப்பத்தான் என் புள்ள கோகிலா வந்தா. அவ அமெரிக்காவுல டாலசுல இருக்கறா. கல்யாணமாயிப் போனதுல இருந்து இந்தியா வந்தாக் கோயமுத்தூர்ல மாமியா ஊட்டுலதான் தங்குவா. இங்க காத்தால வந்து சாயங்காலம் போயிருவா. எனக்கு அது ஒரு மனக்கொற. இந்தத் தடவ, "அப்பா, ஒரு மாசம் அங்கயே இருக்கறேனுங்க"ன்னு போன் பண்ணுனா. நான் ஏசி போட்டிருந்தேன். அதுக்குத்தான் வர்றான்னு நெனச்சேன்.

கூடவே பேத்தி, மிருதுளா. எட்டு வயசு. என்னய "அப்புச்சி"ம்பா. தமிழ் பேசுவாளுங்க, ஆனா ஒவ்வொரு வார்த்தையா எண்ணி வெக்கற மாதிரி பேசுவா. தனபாலு பையன் துருவனுக்கு நாலு வயசு. அவன் இவ பின்னாலயேதான் திரிவான். நான் வரப்புல போனா ரெண்டும் பின்னால வரும். என் துண்ட வாங்கித் தலையில கட்டிக்கிட்டு, "நான் தான் அப்புச்சி"ம்பா. எனக்கு அந்த நாளுக மாதிரி வாழ்க்கையில வேற நாளு வாய்க்கலீங்க. அத ஒத்துக்கறேன்.

கோகிலா வந்த அன்னைக்கே அந்த ஆணி ரெண்டையும் பாத்தா. "அது ஸ்டேசன்லதானுங்களே இருக்குது?"ன்னா. ஆமாம்மிணின்னேன். "நாங்க போற வரைக்கும் அங்கயே இருக்கட்டுங்கப்பா. மிருதுகிட்ட அதப் பத்திப் பேச வேண்டாங்க"ன்னா. செரி கண்ணுன்னேன். சும்மா சொல்லி வெச்சேன். வந்த எடத்துல புள்ள என்னமோ சொல்றா, அதப் போயி எதுக்கு எதுத்துப் பேசறதுன்னு.

ஒருநா சாப்புடறப்ப நானே பேச்ச எடுத்தேன். "உங்கூர்ல ஊட்டுக்கு ஊடு துப்பாக்கி இருக்குதாமா. அது அவனவன் உரிமைன்னு சட்டத்துலயே இருக்குதாமா. அதானம்மிணி ஊரு! இங்க ஒண்ணு வாங்கறதுக்குள்ள செருப்புத் தேஞ்சு போகுது"ன்னேன். அவ சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தா. "அங்க பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு ஒளிஞ்சுக்கறதுக்குப் பழக்கிக் குடுக்கறாங்கப்பா"ன்னா. "சத்தம் போடாம எப்படி உக்காரோணும்னு. ஒண்ணாப்புல இருந்தே." நான் சிரிச்சுட்டேன். "நாங்கெல்லாம் துப்பாக்கி ஊட்டுல பொறந்து வளந்தவங்க, ஆருங்கம்மிணி ஒளிஞ்சா?"ன்னு கேட்டேன். பாவாயி கொழம்பு ஊத்த வந்தவ, ஊத்தாம அப்படியே உள்ள போயிட்டா.

அப்பறம் ஏட்டு போன் பண்ணுனாரு. மத்த ஊர்க்காரங்க எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க, நீங்கதான் பாக்கின்னு. நான் புள்ளகிட்டச் சொல்லிட்டமே, இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்னு இருந்திருக்கலாம். இருக்கலீங்க. அதுக்கு மொத நாளுதான் பன்னி மிச்சமிருந்த கெழங்கையும் காலி பண்ணியிருந்துச்சு. டீக்கடையில ஒருத்தன், "என்னுங்க, புள்ள வந்ததும் துப்பாக்கிய மறந்துட்டீங்களாட்ட இருக்குது"ன்னான். ரோசம் வந்துருச்சு. அதுவுமில்லாம, பேத்தி பாக்கட்டுமேன்னு ஒரு ஆச. அப்புச்சின்னாச் சும்மா இல்லன்னு அவளுக்கும் தெரியோணுமில்லீங்களா?

ஆருக்கும் சொல்லாமப் போயி வாங்கிட்டு வந்தேன். பதினோரு மணி வெயிலு. வாசல்ல செருப்ப உட்டுப்போட்டு, உறையக் கழட்டி, தோட்டாவப் போட்டு, மேல பாத்து ஒண்ணு உட்டேன். மயிலெல்லாம் கத்திட்டுப் பறந்துச்சு. நாய் கட்டுத்தறிக்குள்ள ஓடிப்போச்சு. நான் காலித் தோட்டாவ எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். சின்னதுல எங்கப்பா சுட்டா நான் ஓடிப்போயி அந்தக் காலித் தோட்டாவத்தான் பொறுக்குவேன், சூடா இருக்கும். இதுகளும் ஓடி வரும், பேத்தி கையில குடுக்கலாம்னு நிக்கறேன்.

ஒருத்தரும் வரலீங்க.

அப்பறம் கோகிலா வந்தா. ஈரத்தலையோட ஓடி வர்றா. என்னயும் பாத்தா, தோள்ல இருக்கறதையும் பாத்தா. திட்டலீங்க. "மிருது எங்கப்பா?"ன்னு மட்டும் கேட்டா. உள்ள இருக்கும்னேன். உள்ள இல்லையாம். சுகந்தி வந்தா, துருவனையும் காணோம்ங்கறா. கட்டலுக்கு அடியில, மாடியில, மாட்டுச்சாளையில, எங்கயும் இல்ல. அப்பறம் ஆரு மொதல்ல சொன்னாங்கன்னு தெரியல, "கெணறு"ன்னு ஒரு சத்தம்.

எங்க கெணத்துக்குச் சுத்துச்செவுரு கெடையாதுங்க. சத்தத்துக்குப் பயந்து ஓடுன புள்ளைக அந்தப் பக்கம் ஓடியிருந்தா என்ன ஆகும்? தனபாலு போட்ட சட்டையோட குதிச்சுட்டான். முங்கி முங்கி எந்திரிக்கறான். சுகந்தி மண்ணுல உழுந்து வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கறா. நான் கெணத்து மேட்டுல நின்னு "மிருதூ, துருவா, அப்புச்சி கூப்புடறேன், வாங்க சாமீ"ன்னு தொண்ட கிழியக் கத்தறேன். தோட்டம் பூராக் கத்திட்டே ஓடுனேன். எத்தன தடவ கூப்புட்டேன்னு எனக்கே தெரியாது. என் கொரலு ஊட்டுக்குள்ள இருந்தாக் கேக்காமயா இருக்கும்?

பாவாயிதான் கண்டுபுடிச்சா. ஊட்டுக்குப் பின்னால சாமான் ரூம் ஒண்ணு இருக்குது, மூட்டையும் பழைய பாத்திரமும் போட்டு வெக்கறது. அது உள்பக்கம் தாப்பா போட்டிருக்குது. தள்ளுனா நவுறல. உள்ள அரிசி மூட்டைய இழுத்துக் கதவுக்கு அண்ட குடுத்திருக்குது. எட்டு வயசுப் புள்ள எப்படி இழுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க.

உசுரு வந்துச்சு. நான் கதவத் தட்டுனேன். "மிருது, அப்புச்சி கண்ணு, தெற சாமி." சத்தமே இல்ல. உள்ள ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்ல. தனபாலு சொட்டச் சொட்ட வந்து கடப்பாறையத் தூக்கிட்டான். கோகிலா ஓடி வந்து கதவுல முதுகக் குடுத்துக் குறுக்க நின்னுட்டா. "ஒடைக்காத! ஒடச்சா அவன் உள்ள வந்துட்டான்னு நெனச்சுக்குவா!" எவன் வர்றான்? எனக்கு வெளங்கல. "ஆரும்மிணி?"ன்னேன். அவ என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னா. "துப்பாக்கி வெச்சிருக்கறவன்."

அப்பறம் அழுதுட்டே சொன்னா. அங்க எவனாச்சும் துப்பாக்கியோட பள்ளிக்கூடத்துக்குள்ள பூந்து புள்ளைகளச் சுட்டுப்போடறானாம், அதுக்குத்தான் அந்தப் பழக்கமாம். வேட்டுச் சத்தம் கேட்டா ரூமுக்குள்ள போயித் தாப்பா போடோணுமாம். லைட்ட அணைக்கோணுமாம். கதவுக்கு எதையாச்சும் அண்ட குடுக்கோணுமாம். சின்னப் புள்ளைக இருந்தா வாயப் பொத்தி வெச்சுக்கோணுமாம். ஆரு கூப்புட்டாலும், அம்மா கூப்புட்டாக்கூட, பதில் சொல்லக் கூடாதாம். ஏன்னா அவன் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கூப்புடச் சொல்லலாமில்ல? போலீசு வந்து சொன்னாத்தான் தெறக்கோணுமாம். "அவ தெறக்க மாட்டாங்கப்பா. எல்லாத்தையும் சரியாச் செய்யறவ அவ. பள்ளிக்கூடத்துல இதுல அவளுக்குப் பரிசா ஸ்டிக்கர் குடுத்திருக்காங்க."

அரை மணி நேரம் தம்பி. ரெண்டு கொழந்தைக இருட்டுக்குள்ள, சன்னலில்லாத ரூமு. தாய்க ரெண்டு பேரும் கதவுல வாய வெச்சுக் கூப்புடறாங்க. ஒரு பதிலும் இல்ல. மூச்சு முட்டியிருக்குமோ, மயங்கியிருக்குமோ, ஒண்ணும் தெரியல. கடைசியில வேற வழி? நானே போனடிச்சேன். காத்தால டீ வாங்கிக் குடுத்த அதே ஏட்டுக்கு. என்னன்னு சொல்லுவீங்க? "ஏட்டய்யா, என் பேத்தி கதவத் தெறக்க மாட்டேங்கறா, யூனிபாரம் போட்டுட்டு வாங்க"ன்னேன். அவரு குடிச்சிருக்கறனோன்னு நெனச்சாரு. அந்தக் கத அங்கிருந்துதான் கெளம்புச்சு.

புல்லட்டுல வந்தாரு. பின்னாலயே பாதி ஊரு வந்துருச்சு. கதவுகிட்டப் போயி, "பாப்பா, போலீஸ் வந்திருக்கேன்மா"ன்னாரு. உள்ள ஒண்ணுமில்ல. போலீசுதான்னு அடையாளம் காட்டோணும்னு கோகிலா அவர் காதுல சொன்னா. அவரு சட்டையில குத்தியிருந்த பேர் வில்லையக் கழட்டிக் கதவுக்கு அடியில தள்ளுனாரு. மிருதுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அத உள்ள இழுத்துக்கற சத்தம் கேட்டுச்சு. சுகந்தி கதவுல காத வெச்சுக்கிட்டா.

அப்பறம் உள்ள இருந்து மெல்லக் கேக்கறா. ஒவ்வொரு வார்த்தையா எண்ணி வெச்சுக் கேக்கறா. "அந்த ஆள் கிட்ட இருந்து துப்பாக்கிய வாங்கிட்டீங்களா?"

ஏட்டு திரும்பி என்னயப் பாத்தாரு. பாவாயி பாத்தா. ஊரே பாத்துச்சு. அப்பத்தான் நான் குனிஞ்சு பாக்கறேன், அது என் தோள்லயேதான் தொங்குது. கெணத்துக்கு ஓடுனப்பவும் அதோடதான் ஓடியிருக்கறேன். அந்தக் கதவத் தட்டிச் சாமி கண்ணுன்னு கூப்புட்டப்பவும் அதோடதான் நின்னிருக்கறேன். ஒருத்தரும் சொல்லல, எனக்கும் தோணல.

ஏட்டு கைய நீட்டுனாரு. நான் கழட்டிக் குடுத்தேன். காலித் தோட்டாவையும் சேத்துக் குடுத்துட்டேன், அது எதுக்குன்னு தெரியல. "வாங்கிட்டேன் பாப்பா"ன்னாரு. "நிஜமா?"ங்கறா உள்ள இருந்து. "நிஜமாம்மா. என் கையில இருக்குது."

மூட்டைய நகத்தற சத்தம் கேட்டுச்சு. தாப்பா எடுக்கற சத்தம். கதவு தெறந்தா, அவ கை இன்னும் துருவன் வாயப் பொத்திட்டுத்தான் இருக்குது. அவன் டவுசர்லயே மூத்திரம் போயிருக்கறான். தாயிகிட்டப் போகலீங்க அவ. சுத்தியும் பாத்தா, கூட்டத்துல என்னயத் தேடிக் கண்டுபுடிச்சா, ஓடி வந்து இடுப்பக் கட்டிக்கிட்டா. "அப்புச்சி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயா?"ன்னா. நெஞ்சுல வயித்துல எல்லாம் தடவிப் பாக்கறா, காயம் இருக்குதான்னு.

ஒரு ஆளும் சொல்லலீங்க. இதுதான் பாப்பா அந்த ஆளுன்னு ஒருத்தரும் வாயத் தெறக்கல. டீக்கடையில அத்தன பேச்சுப் பேசறவனுங்க, அன்னைக்கு மண்ணப் பாத்துட்டு நின்னானுங்க. எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அந்தக் கொழந்த கை மேல படப் பட ஒடம்பு கூசுச்சுங்க தம்பி.

மறுநாளு பாவாயி அந்த ஆணி ரெண்டையும் புடுங்கிப்போட்டு, ஓட்டைக்குச் சுண்ணாம்பு பூசி, சொவத்த மேல இருந்து கீழ வரைக்கும் ஈரத்துணியில தொடச்சா. நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். "எதுக்குடி?"ன்னு கேட்டேன். "இத்தன வருசம் கிட்டப் போறதுக்குப் பயமா இருந்துச்சு, அதான்"னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்குத் தெரியவே தெரியாதுங்க அது. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன், சிரிச்சிருப்பேன்.

ஏட்டு நல்ல மனுசன். மேல பாத்துச் சுட்டதுக்கு எழுதுனா லைசென்சே போயிரும். எழுதல. "தேர்தலுக்கு ஒப்படைச்சது இன்னும் திருப்பி வாங்கலன்னே இருக்கட்டும், மனசாறுனதும் வந்து வாங்கிக்கங்க"ன்னாரு. ரெண்டு மூணு தடவ போயிருக்கறேனுங்க. ஸ்டேசன் கேட்டு வரைக்கும் போயி, எதுத்தாப்புல பேக்கரியில ஒரு டீயக் குடிச்சுப்போட்டு, வந்த பஸ்சுலயே திரும்பிருவேன். பாவாயி எங்க போனீங்கன்னு கேக்கறதில்ல. கைய மட்டும் பாப்பா, ஏதாச்சும் கொண்டாந்திருக்கறனான்னு.

ஒண்ணு சொல்றேன், நான் துப்பாக்கி வேண்டாங்கற ஆளு இல்லீங்க. கெழங்கத் தின்னது பன்னிதான, புள்ளைக இல்லையே. உங்களுக்கு லைசென்ஸ் கெடைக்கோணும். கெடைச்சா நான் சந்தோசப்படுவேன். நான் பண்ணுனதும் அப்படி என்ன பெரிய தப்பு? எங்கப்பா பண்ணுனததான் பண்ணுனேன். ஆனா கலெக்டரு ஒரு கேள்வி கேட்டாருன்னு வெச்சுக்கங்க. "பெரியவரே, ஊட்டுல துப்பாக்கி இருந்தாப் பயமில்லாம இருக்கலாமா?"ன்னு அத்தன சனத்துக்கு முன்னால கேட்டா, நான் மைக்கப் புடிச்சுட்டு என்னத்தச் சொல்றது? ஆமான்னு சொல்ல வாய் வராது. இல்லைன்னு சொன்னா நீங்க என்னய அடிப்பீங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இத நான் பாவாயிகிட்டக்கூடச் சொன்னதில்ல.

மிச்சமிருந்த நாளெல்லாம் மிருது என்னயத் தனியா எங்கயும் உடல. வரப்புக்குப் போனா முன்னால அவ போவா, மரத்துக்குப் பின்னாலயெல்லாம் எட்டிப் பாத்துட்டு, வாங்க அப்புச்சின்னு கையக் காட்டுவா. என் துண்டக் கேக்கறதில்ல. ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். கோகிலா பெட்டியத் தள்ளிட்டு முன்னால போயிட்டா. இவ திரும்பி ஓடி வந்து, குனியுங்கன்னா. குனிஞ்சேன். காதுகிட்ட வாய வெச்சு, "சாரி அப்புச்சி"ங்கறா. எதுக்கு கண்ணுன்னேன்.

"நீங்க நெறய வாட்டி கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் தான் தெறக்கல. அவன் உங்களப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கூப்பிடச் சொல்றான்னு எனக்குத் தெரியும்."



"புடிச்சு வெச்சிருந்தான் தான?"ன்னு கேட்டா.

"ஆமா கண்ணு"ன்னேன்.

என் கன்னத்தத் தடவிக் குடுத்தா தம்பி. நான் அவளுக்குச் செய்ய வேண்டியது, அவ எனக்குச் செஞ்சா. அப்பறம், "இப்போ உங்கள விட்டுட்டானா?"ன்னு கேட்டா.

அதுக்கு ஒரு பதிலச் சொல்லியிருக்கோணும். நான் சொல்றதுக்குள்ள அவங்கம்மா கூப்புட்டுட்டா, அவ ஓடிட்டா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு திரும்பிப் பாத்துட்டு, பதிலுக்குக் காத்துட்டே நின்னா. நான் கையத்தான் ஆட்டுனேன்.